கல்லுக்குப் பழகிய கை

கற்றறிந்த அன்பரே, சென்னைப் பட்டினத்தின் வடபால் ஒருபுறம் கடல் ஓயாது கரையை அரித்துக் கொண்டிருக்க, மறுபுறம் பேசின் பாலத்து மின்நிலையம் ஓயாது வானைக் கரியாக்கிக் கொண்டிருக்க, இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டும் அஞ்சாது வாழும் இராயபுரம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டுத் தைத்திங்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விளங்கிய கோலத்தைச் சற்றே நின்று காண்பீராக. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் விடுமுறை பெற்றுக் கழுத்தை நீட்டியவாறே உறங்கின. கட்டுமரங்கள் கரையேறி வெயில் காய்ந்தன. கோயில் மணி அழைக்க வெள்ளாடை உடுத்தோர் ஒரு தெருவால் செல்ல, மீன்கூடை சுமந்தோர் மறு தெருவால் வந்தனர். கல்மண்டபத்துக்கு அருகே, முன்பு உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த தகரக் கொட்டகை ஒன்றில் மட்டும், பூசை முடிந்ததும் முடியாததுமாக ஓடிவந்த பெண்ணொருத்தி, மூச்சிரைக்கத் தன் படத்தை விரித்து வைத்துவிட்டு, இரு ஆசிரியர்களின் முகத்தையும் மாறி மாறி நோக்கிக் கொண்டிருந்தாள்.

அவள் பெயர் பிலோமி. அகவை முப்பத்திரண்டு. கைலிகளின் மேலும் தீப்பெட்டிகளின் மேலும் ஒட்டப்படும் வண்ணச் சீட்டுகளை அடிக்கும் கல்லச்சுக் கூடமொன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் கல்லில் படம் எழுதுபவள். கல்லச்சின் இயல்பை அறியாதார்க்கு ஒரு சொல்: வழவழப்பான கல்லின்மேல் மெழுகு மையால் எழுதி, அதன்மேல் தாளை அழுத்தி எடுத்தால், எழுதியது இடம் வலமாக மாறித் தாளில் விழும். ஆதலால் கல்லில் எழுதுவோர் யாவற்றையும் புரட்டியே எழுத வேண்டும். கண்ணாடியும் வேண்டாமல், கண்ட படத்தைக் கண்டவுடனே புரட்டி எழுதும் திறம் பிலோமியின் கைக்கு உண்டு. அத்திறம் முற்றிப்போய், ஒருமுறை கடைக்கு எழுதிய பொருட்பட்டியலையும் புரட்டியே எழுதிவிட, கடைக்காரர் அதைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, இது மந்திரச் சீட்டோ என்று அஞ்சித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவள் எழுதியன யாவும் பிறர் படங்கள். அடியில் பொறித்தன யாவும் பிறர் பெயர்கள். மாந்தர் ஒருவரைத் தானே படைக்க வேண்டும், அதன் அடியில் தன் பெயர் நிற்க வேண்டும் என்பதே அவள் வேட்கை. அதற்கு வாயிலும் திறந்தது. வார இதழ் ஒன்று கடல்வாழ்வு பற்றிய புதிய படக்கதைக்குத் தலைவன் ஒருவனின் உருவைக் கேட்டு விளம்பரம் செய்திருந்தது. தெரிவு பெறுவோர் கிழமைதோறும் அக்கதையை வரையலாம், பெயரும் அச்சேறும். படம் சேர வேண்டிய இறுதி நாள் வரும் வெள்ளிக்கிழமை. பிலோமி வலைவீசும் பரதவன் ஒருவனைப் படைத்து, அவனுக்குச் 'சுக்கான் சூசை' என்று பெயரும் சூட்டியிருந்தாள்.

ஆசிரியர் இருவரும் அவளினும் ஓரிரு ஆண்டே மூத்தவர்கள். சுயம்பு, இதழ்களில் கதைகளுக்குப் படம் வரைபவர். அத்தாவுல்லா, திரைப்படங்களுக்கு மூன்றாள் உயரப் பதாகை எழுதுபவர். தனித்தனிக் கொட்டகை கிடைக்காமையால் ஒரே கொட்டகையில் ஞாயிறுதோறும் கற்பித்தனர். கற்பித்ததோ கீரியும் பாம்பும் போல. முதலில் எலும்பு, பிறகு தசை, முகம் கடைசி என்பார் சுயம்பு. முதலில் கண், பிறகு மீசை, எலும்பு நாய்க்கு என்பார் அத்தாவுல்லா. உருவை முழுதும் மையால் நிரப்பினாலும் நிழலைக் கொண்டே ஆளை அறிய வேண்டும் என்று சுயம்பு சொல்ல, ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவன் மூக்கைக் கொண்டே அறிய வேண்டும் என்று அத்தாவுல்லா சொல்வார். ஆறு திங்களாகப் பிலோமி இரண்டையும் கற்று, இரண்டுக்கும் தலையசைத்து, இரண்டிலும் குழம்பியிருந்தாள்.

அன்றும் அதுவே நிகழ்ந்தது. படத்தை நெடுநேரம் பார்த்த சுயம்பு நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாவோ ஒண்ணு இடிக்குது பிலோமி. தோள்பட்ட எலும்பு தப்பா கீது. அதான்."

"எலும்ப எவன் பாக்கப் போறான்?" என்றார் அத்தாவுல்லா. "இடிக்கிறது நெஜம். ஆனா அது கண்ணு தங்கச்சி. கண்ணு நம்மளப் பாக்க மாட்டேங்குது."

"அண்ணே, பாய், ரெண்டு பேரும் சேந்து ஒண்ணச் சொல்லுங்களேன்" என்று பிலோமி கெஞ்சினாள். "வெள்ளிக்கெயம குடுக்கணும்."

சேர்ந்து சொல்ல அவர்களால் இயலவில்லை. ஏதோ பிழை என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர். அந்த ஒற்றுமைதான் அவளை மேலும் கலக்கியது.

திங்களன்று எலும்பைத் திருத்தினாள், சூசை கூனனானான். செவ்வாயன்று கண்ணைத் திருத்தினாள், சூசை கள்வனானான். புதனன்று இரண்டையும் அழித்துப் பழையபடியே எழுதினாள். பழைய சூசை, 'என்னை ஏன் இப்பாடு படுத்துகிறாய்' என்பான் போல அதே இடர்ப்பாட்டோடு நின்றான். பிழை எங்கோ உளது, ஆனால் இன்ன இடத்தில் என்று தெரியவில்லை என்னும் நிலையைக் காட்டிலும் கொடியது கலைஞர்க்கு வேறில்லை. செருப்புக்குள் புகுந்த சிறு கல் நடக்கையில் குத்தும், கழற்றி உதறினால் அகப்படாது, அவ்வாறே அலைந்தாள். உலையில் உப்பை இருமுறை இட்டாள். அச்சுக்கூடத்தில் நிலா எழுத வேண்டிய சீட்டில் பிறை எழுதினாள். எனக்கு இது வாராதோ என்று வாய்விட்டும் அழுதாள்.

வியாழன் பிற்பகல், எண்ணூர்க் கழிமுகத்தில் வலைவீசிவிட்டு அவள் கணவன் சவரிநாதன் வீடு திரும்பினான். எழுத்தறியாதவன், படங்களில் நாட்டமில்லாதவன், ஆனால் வலையில் அவனை மிஞ்ச அக்கரையில் ஆளில்லை. சுவரில் சாய்த்திருந்த படத்தைக் கடந்து போனவன், இரண்டடி பின்வாங்கி வந்து உரக்கச் சிரித்தான்.

"இன்னாமே இது, ஒன் ஆளு பீச்சாங்கைக்காரனா?"

"இன்னா சொல்ற நீ?"

"கயித்தப் பாரு. நாங்கெல்லாம் பீச்சாங்கைல கயித்தக் கட்டிகினு சோத்தாங்கையால வல வீசுவோம். இவன் சோத்தாங்கைல கட்டிகினு கீறான். எல்லாமே அந்தப் பக்கமா கீது."

பிலோமி துள்ளி எழுந்தாள். தாளை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பின்புறமாக நோக்கினாள். ஆங்கே தோள் செவ்வனே இருந்தது; கண் நேரே நோக்கியது; கயிறு இடக்கையில் கிடந்தது. பதினான்கு ஆண்டு கல்லுக்குப் பழகிய கை, தாள் என்றும் கல் என்றும் பாராமல், மனம் கண்டதையெல்லாம் புரட்டியே எழுதி வந்திருக்கிறது. கண்ணும் அக்கையோடு கூடிப் பழகியமையால் புரண்டதே அவளுக்கு நேராகத் தோன்றிற்று. வலைவீசியறியாத ஆசிரியர் இருவரும் இடறலை உணர்ந்தனர். இடம் அறியாது தத்தம் கல்வியைச் சாற்றினர்.

பிழை தெரிந்தால் குழப்பம் தீரும் என்பீர். தீரவில்லை, முற்றியது. நேராக எழுத முனைந்து கோல் எடுத்தால், எது நேர், எது புரட்டு என்று கை திகைத்து நின்றது. வலம் என்று நினைத்த மாத்திரத்தே இடம் சென்றது. மெல்ல மெல்ல எண்ணி எண்ணி எழுதிய சூசை, வலைவீசாமல் வலையைத் துவைப்பவன் போல உயிரற்று நின்றான். விளக்கேற்றும் வேளைக்குள் ஏழு தாள்களைக் கிழித்தாள்.

வெள்ளி காலை அச்சுக்கூடத்துக்கு மற்றவர்க்கு முன்னரே சென்று, உரிமையாளரிடம் கேட்டு, உடைந்து ஒதுக்கிய கல்லொன்றை எடுத்து வைத்துக் கொண்டாள். எதையும் எண்ணாதே, உனக்குத் தெரிந்தபடி எழுது என்று தன் கைக்கு விடுதலை தந்தாள். வெள்ளம் வடிகால் கண்டாற்போல் கை பாய்ந்தது. அதே தோள், அதே கண், ஞாயிறன்று இருவரும் குறைகூறிய அதே சூசை கல்லில் எழுந்தான். எழுதி முடித்த மகிழ்ச்சியில் அடியில் தன் பெயரையும் பொறித்தாள். கல்லை நனைத்து, மை உருட்டி, தாளை இட்டு அழுத்தி, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள். இடக்கையில் கயிறு, வலக்கையில் வலை. நேரே நோக்கும் கண்களோடு சூசை அவளைப் பார்த்தான்.

நண்பகல் உணவு வேளையில், மற்ற நாள்களில் ஆசிரியர்கள் தம் படவேலையைச் செய்யும் அதே கொட்டகைக்கு ஓடினாள். இருவரும் தாளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்தனர்.

"நான் சொன்னேன்ல, எலும்புன்னு!" என்றார் சுயம்பு.

"எலும்பா? கண்ணப் பாருய்யா!" என்றார் அத்தாவுல்லா. "தங்கச்சி, இன்னா மாத்தின?"

"ஒண்ணுமே மாத்தல பாய்."

அவர்கள் நம்பவில்லை. அப்போது சுயம்பு அடியில் விரல் வைத்து, "அது கெடக்கட்டும், இது இன்னா எயுத்து?" என்றார்.

பிலோமி குனிந்து நோக்கினாள். யாவும் நேராக வந்திருக்க, அவள் பெயர் மட்டும் புரண்டு கிடந்தது. எத்தனையோ ஆயிரம் கடைப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் கல்லில் புரட்டி எழுதிய அந்தக் கை, தன் பெயரைக் கல்லில் எழுதியது அன்றே முதன்முறை. கோயில் திருமணப் பதிவேட்டில் என்றோ நேராக எழுதியதை மட்டுமே அது அறியும். ஆதலால் நேராகவே எழுதிவிட்டது. அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"அத மட்டும் சரி பண்ணிடலாம். நேரம் கீது" என்றார் சுயம்பு.

"வேணாண்ணே. அது அப்டியே இருக்கட்டும்."

இதழார் சூசையை ஏற்றனர். மாசித்திங்களின் முதல் கிழமை இதழ் வெளிவந்த நாளில், சவரிநாதன் ஒரு படியை வாங்கி வந்து, தான் மழிக்கும் கண்ணாடியின் முன்னே அவள் பெயர் தெரியும்படி அதைப் பிடித்துக் கொண்டு நின்றான்.

"எனக்குத்தான் எயுத்து தெரியாதே. இப்ப சரியா தெரியிதாமே?"

"சரியா தெரியிது" என்றாள் பிலோமி.

அன்பரே, நம்மிடத்தே பிழை உண்டென்று உலகோர் ஒருமித்து உரைக்கலாம். அது பிழைதானா, அல்லது வேறொரு கல்லுக்குப் பழகிய திறமா என்பதை உரைக்க அவர்க்கும் தெரிவதில்லை, நமக்கும் எளிதில் விளங்குவதில்லை. எலும்பும் கண்ணும் இருவர் கற்பித்தனர். அவள் அவற்றை மறக்கவுமில்லை. எனினும் பிறர் பெயரைப் பிழையறப் பொறிப்பதிலேயே பதினான்கு ஆண்டுகள் கழிந்த கை, தன் பெயரை எழுதப் பழகியிருக்கவில்லை. அந்தப் படக்கதை வந்த காலமெல்லாம் அவள் அப்பெயரைத் திருத்தவுமில்லை. படித்தவர்கள்தாம் கிழமைதோறும் கண்ணாடி தேடினார்கள்.