கிரிப் மாற்றிய மதியம்

கணவன் உயிரோடு இருந்தவரை அந்த மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரை அவள் தொட்டதே இல்லை. தொட விட்டால்தானே! காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு, வண்டி முன்னறையில் பழைய போர்வைக்குள் நின்றது.

இப்போது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இன்று சாயங்கால ஷிப்டுக்குப் போய் நிற்காவிட்டால் வேலை போய்விடும். நாத்தனார் தன் வண்டியில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஆனால் இந்த வண்டியில் மட்டும் அவளுக்குக் கை கூசியது. ஹேண்டில்பாரின் ரப்பர் கிரிப் இரண்டும் அவன் பிடித்துப் பிடித்துப் பள்ளம் விழுந்திருந்தன. அதைப் பிடித்தால் அவன் கைக்குள் கையை நுழைப்பது போலிருந்தது.

"கிரிப்பை மாத்திட்டா இது உங்க வண்டி, அண்ணி. அப்புறம் அண்ணனே வந்தாலும் உங்ககிட்டதான் சாவி கேக்கணும்" என்றாள் நாத்தனார்.

"வாயைக் கழுவுடி."

பிளேடால் நீளவாக்கில் கீறிப் பழைய ரப்பரை உரித்தார்கள். உள்ளே இரும்புக் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலே எட்டிப் பார்க்காத அறை அது. இருவருமே தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள்.

சோப்புத் தண்ணீர் தடவிப் புது கிரிப்பை ஏற்றியதும், வலதுபக்கத்து கிரிப் தானாக மெல்லச் சுழன்றது.

"ஒரு சொட்டு போதும்னேன்ல? ஆஸ்பத்திரி போர்வைக்குக் கொட்ற மாதிரி கொட்டிருக்கீங்க! வழுக்காம என்ன செய்யும்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கழற்றி, சோப்பு போகத் துடைத்து, கொஞ்சம் பெட்ரோல் தொட்டு மறுபடி ஏற்றினார்கள். பெட்ரோல் காய்ந்ததும் ரப்பர் கவ்விக்கொண்டது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தாள். இம்மியும் வழுக்கவில்லை.

கையை எடுத்தாள். ஆக்ஸிலேட்டர், உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டு தானாகத் திரும்பியது. 'டக்' என்று விட்டது. மறுபடி திரும்பியது. சாவியே போடவில்லை. வாசலில் நின்று அவளைக் கூப்பிட அவன் அப்படித்தான் இரண்டு தரம் முறுக்குவான்.

நாத்தனார் சுவரோரம் பின்வாங்கினாள். "வேணாம் அண்ணி. வேலை போனா போகட்டும்."

"போனா அடுப்புல எதை வைப்பே?"

அவள் ஏறி உட்கார்ந்து கிரிப்பைப் பிடித்தாள். உள்ளங்கைக்குக் கீழே புது ரப்பர் நான்கு இடத்தில் அமுங்கியது. அவள் விரலை விட அகலமான பள்ளங்கள். கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள்.

"இதப் பாருங்க" என்றாள், வெறும் காற்றிடம். "இனிமே நான்தான் ஓட்டுவேன். வரணும்னா பின்னாடி உக்காருங்க. இல்லன்னா கையை எடுத்துட்டு வழியை விடுங்க."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பி அவள் கையை நிறைத்தன.

பின்பக்க ஸ்பிரிங் கிரீச்சிட்டது. வண்டியின் பின்புறம், ஆள் ஏறினால் அமுங்குவது போல, நிதானமாக அமுங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருகினாள்.

"காலை ஒடுக்கிக்கோங்க. கதவு இடிக்கும்."