தவணை தீராத காது

கிட்ட வாருங்கள், கண்ணுகளே. இன்னும் கொஞ்சம். என் குரல் முன்னைப்போல வாசல்வரை எட்டுவதில்லை. அங்கேயே நின்றால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். இன்று ஒரு காதின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்போடு முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மரம் அறுக்கும் ஆலையில் ஒருவர் வேலை பார்த்துவந்தார். தெருவே அவரைக் 'கைக்காசு' என்றுதான் கூப்பிடும். கையில் காசு இல்லாமல் கடைப்படி ஏற மாட்டார். ஒருமுறை சோப்பு வாங்கப் போன இடத்தில் சில்லறை கொஞ்சம் குறைந்துவிட்டது.

"நாளைக்குக் குடுங்கண்ணே. நீங்க எங்க ஓடிடப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

கைக்காசு சோப்பைப் பலகையில் திரும்ப வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் வீட்டுக்கு நடந்து, மீதிக் காசோடு கொட்டுகிற மழையிலேயே திரும்ப வந்தார். "குளிச்சே முடிச்சாச்சே, இனி சோப்பு எதுக்கு?" என்று தெரு சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் காசைக் கொடுத்த பிறகுதான் சோப்பைத் தொட்டார்.

ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்றதில் காது போயிற்று. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு அடுப்பில் தண்ணீர் கொதிப்பது, பிறகு கதவைத் தட்டுவது. கடைசியில் பெண்சாதி கத்தினால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. அவளும் சளைக்காமல் கத்தினாள். "ஏங்க, தூளை உதறிட்டு உள்ள வாங்க" என்று சாயங்காலம் அவள் போடும் சத்தத்தில் எதிர்வீட்டுக்காரரும் தன் சட்டையை ஒருமுறை உதறிக்கொள்வார். புருஷன் பெண்டாட்டி பேசுவதெல்லாம் தெருவுக்கே பாடம்.

அவர்களுக்கு ஒரே மகன். வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அதற்கு முன்னால் துணிக்கடை, அதற்கும் முன்னால் ஏதோ ஓர் அலுவலகம். ஒரு வேலை பிடிக்கவில்லையென்றால் செருப்பை மாற்றுவது போல மாற்றிவிடுவான். வண்டி, போன், படுக்கிற கட்டில் எல்லாமே தவணை.

"பேங்க்காரன் வண்டியை வெயில்ல நிறுத்தாதடா, அவன் மனசு கஷ்டப்படும்" என்பார் அப்பா.

"அவன் கண்டுக்க மாட்டான்பா. கட்டில்காரன்தான் கொஞ்சம் கோவக்காரன்" என்று மகன் உரக்கப் பதில் சொல்வான். இப்படித்தான் அந்த வீட்டில் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அம்மாவுக்குத் தொண்டை கட்டியது. வெந்நீர், கஷாயம் எதற்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது. படுக்கை காலியானதும் கூப்பிடுகிறோம், இரண்டு மாதம்கூட ஆகலாம்; அதுவரைக்கும் கத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கத்தக் கூடாதென்றால் அவள் குரல் அவருக்கு அன்றைக்கே போன மாதிரிதான். மெதுவாகப் பேசினாள். மகனுக்குக் கேட்டது, எதிர்வீட்டுக்குக்கூடக் கொஞ்சம் கேட்டது. கட்டியவருக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

மகனுக்குப் பொறுக்கவில்லை. மறுவாரமே காதில் வைக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து, அப்பாவைப் பிடித்து உட்காரவைத்துக் காதில் பொருத்தினான். அம்மா எதிரில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள், போட்டோவுக்கு உட்காருவது போல.

"என்ன விலைடா?" என்றார் அப்பா.

"மாசாமாசம் கொஞ்சம்தான்பா" என்று மகன் பழக்க தோஷத்தில் கத்திவிட்டான்.

அவ்வளவுதான். மெஷினை முடுக்குவதற்குள் அவர் கை காதுக்குப் போய்விட்டது. கழற்றி, பெட்டிக்குள் வைத்து, மூடினார்.

"பேங்க்காரன் காதை நான் மாட்டிக்க மாட்டேன்."

"அப்பா, அம்மா பேசறதைக் கேக்கறதுக்குத்தான் வாங்கினேன். எல்லாம் கட்டி முடிச்சிட்டுத்தான் வாழணும்னா எப்பப்பா வாழறது?"

"அடுத்த மாச உழைப்பை இந்த மாசமே தின்னுட்டா, அடுத்த மாசம் எதைடா திம்ப?"

"அப்பவும் உழைப்பேன்."

"அப்ப அது உனக்கு உழைப்பா, அவனுக்கா?"

இதை வெறும் வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளே. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அம்மா கடனுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கியிருந்தாள். இரண்டு தவணை தவறிப்போனதும் ஆட்கள் வந்தார்கள். ஊசிக்குக் கீழே துணி பாதி தைத்தபடி கிடக்க, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் துணி அவருடைய சட்டை. கேட்டுப் பழகிய பிறகு, ஒருநாள் வந்து இதையும் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனால்? அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகன் மேல் எரிந்து விழுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

மீதியை நானே கட்டிவிடுகிறேன் என்றார். "நான் கட்டிக்கறேன்பா" என்று மகன் சொன்னதற்கு, "நீ கட்டினா அது உன் காது" என்று முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் ஆலைக்குப் போய் லாரியிலிருந்து மரம் இறக்கும் வேலையை ஒத்துக்கொண்டார். படுக்கை காலியாவதற்குள் அடைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

அம்மா ஒருநாள் அந்தப் பெட்டியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். ஒரு விரலைக் காட்டினாள். ஒரே ஒரு நாள்.

"நம்மதுன்னு ஆகட்டும்மா" என்றார் அவர். "அப்புறம் நாள் பூரா நீ பேசு. நான் வாயே திறக்காம கேக்கறேன்."

அவள் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் அலுத்துப்போய் வந்து சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சட்டைக் காலரில் ஒட்டிய மரத்தூளைக் கிள்ளி எடுத்துக்கொண்டே, மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள் வாசலில் நின்று பார்த்த மகன், எதற்கென்று தெரியாமலே தன் போனை எடுத்து அதைப் பதிந்துவைத்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைய கூலியோடு கணக்குத் தீர்ந்துவிடும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மரம் இறக்கினார். சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது, திரும்பத் திரும்ப அடித்தது. அடித்தால் மட்டும் என்ன, அவருக்கா கேட்கும்? ஆலைக்காரர்களும் ரம்பச் சத்தத்தில் கவனிக்கவில்லை. கூலியை வாங்கி, நேரே மெஷின் விற்ற கடைக்குப் போய், மீதியை எண்ணிக் கட்டினார். வீட்டை நோக்கி அவர் நடந்த நடையைப் பார்த்து, கைக்காசுக்கு வயது குறைந்துவிட்டது என்று சோப்புக் கடைக்காரர் நினைத்தாராம்.

வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். தொண்டையைக் காட்டினார், கையை அசைத்தார், காதருகே வந்து கத்தினார். "படுக்கை காலியாயிடுச்சாம். உடனே வரச் சொல்லிட்டாங்க. காலையிலேயே கூட்டிட்டுப் போயாச்சு."

அவர் பூட்டைத் திறந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸிலேயே காதில் மாட்டிக்கொண்டார். சில்லறை குலுங்குவது கேட்டது. யாரோ ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜன்னல் கண்ணாடி கடகடப்பது கேட்டது. இத்தனை வருஷம் எங்கேயோ போயிருந்த உலகம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. அது வேண்டியிருந்ததா அவருக்கு?

ஆஸ்பத்திரி பெஞ்சில் மகன் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து, வழக்கம்போல உரக்கச் சொன்னான். "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா."

"கத்தாதடா" என்றார் அவர். "கேக்குது."

மகன் அவர் காதைப் பார்த்தான்.

"போறப்ப ஏதாவது சொன்னாளா?"

"நீங்க தூளோட ஓடி வருவீங்களாம். இங்க உள்ள விட மாட்டாங்களாம். வெளியிலயே உதறிட்டு வரச் சொன்னாங்க."

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தோளெல்லாம் தூள். உதறவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பிழைத்து வீடு வந்தாள். கழுத்தில் கட்டு, கட்டுக்கு நடுவில் மூச்சுக்கு ஒரு துளை. வந்ததும் அவர் காதைத் தொட்டுப் பார்த்தாள். கேட்கிறதா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

"கேக்குதும்மா" என்றார்.

கேட்டதெல்லாம் அவள் மூச்சுதான். துளையில் காற்று போய் வரும் மெல்லிய விசில். அதைக் கேட்டுக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்திருந்தார். நாள் பூரா கேட்பதாகச் சொன்னவர் அல்லவா?

மகன் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "அம்மா பேசினது இதுல இருக்குப்பா. நீங்க தூங்கிட்டிருந்தப்ப."

அவர் கை பாதிவழியில் நின்றது. "இந்தப் போனுக்குத் தவணை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். அப்பா அவன் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டார்.

அவள் குரல் வந்தது. கத்தாத குரல். கல்யாணமான புதிதில் கேட்டது. இப்படித்தான் இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "இங்க பாருங்க, காலர்ல எவ்வளவுன்னு. எத்தனை தடவை சொல்றேன். தூளை உதறிட்டு உள்ள வாங்க. என்ன ஜென்மமோ." கடைசியில் சின்னதாக ஒரு சிரிப்பு.

அவர் எழுந்தார். வாசலுக்கு வெளியே போய் நின்றார். அன்றைக்கு அவர் ஆலைக்கே போகவில்லை. சட்டையில் ஒரு துணுக்குத் தூள் கிடையாது. ஆனாலும் இரண்டு கையாலும் உதறினார், உதறிக்கொண்டே நின்றார். உள்ளே அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். போதும், வாங்க என்று.

அவ்வளவுதான், கண்ணுகளே. உங்கள் வீட்டில் யாரும் தொண்டை நோகக் கத்த வேண்டியில்லாமல் இருக்கட்டும். மெதுவாகச் சொன்ன சொல் அன்றைக்கே கேட்கப்படட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் முகம் பார்த்துச் சிரிக்கும்படி, எல்லாரும் நன்றாக இருங்கள்.