வெள்ளை மூலை

யோகராணி வேலை செய்யும் கடையில் மஞ்சள் கிண்ணம் காய்ந்ததே கிடையாது. பாரிஸ் லா சப்பலில் கலியாணக் கார்ட் அடிக்கிற சனம் பொன்னம்பலத்தாரின் கடைக்குத்தான் வரும். கலியாணமோ, சாமத்தியவீடோ, குடிபூரலோ, அச்சடித்து வெட்டி முடித்த கார்டை மேசையில் பரப்பி, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் யோகராணி கட்டிக் கொடுப்பாள். செத்தவீட்டு நோட்டீசுக்கும் அந்தியேட்டிக் கார்டுக்கும் மட்டும் மூலை வெள்ளை. இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ன? வெள்ளை மூலை என்றால் சா. பிரான்சுக்கு விமானம் ஏறிவிட்டால் சா தன் நிறத்தை மாற்றிக்கொள்ளுமோ?

அவளுக்கு ஒரே மகள் லக்சிகா. ரொய்சி விமான நிலையத்தில் வேலை. அவர்கள் குடியிருந்த வில்லியே லே பெல்லில் ஒத்த வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சீலை உடுத்திக்கொண்டு கலியாண மண்டபம் மண்டபமாகத் திரிய, இவள் ஒரு கிளப்பில் சேர்ந்து துவக்குச் சுடப் போனாள். வேட்டை இல்லை, போட்டி. வெளியொன்றில் முந்நூறு மீற்றரிலிருந்து எண்ணூறு மீற்றர் வரை தள்ளித் தள்ளி இரும்புத் தகடுகளை நிறுத்தியிருப்பார்கள். படுத்துக் கிடந்து, கொடுத்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் அடிக்க வேண்டும்.

துவக்கு என்ற சொல்லை யோகராணி வாயில் எடுக்க மாட்டாள். கிளிநொச்சியில் அவளுடைய தம்பி உதயன் புத்தகப் பையோடு போய், பிறகு ஒருநாள் துவக்கோடு வந்து வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுப் போனவன்தான். ஆகவே மகளுடையது வீட்டில் எப்போதும் 'அந்தச் சாமான்'. "அந்தச் சாமானைப் பூட்டிப்போட்டியோ?" "அந்தச் சாமான்ர பெட்டியை என்ர சீலைக்கு மேலை வைக்காதை." மூன்று வருடமாக இதற்கு மேல் தாயும் மகளும் அதைப்பற்றிப் பேசியதில்லை. பேசினால் சண்டை. சண்டை என்றால் மகள் பிரெஞ்சில் பொரிவாள், தாய் தமிழில் பொரிவாள், சோறு ஆறிப் போகும்.

அப்படிப்பட்டவள் போன மார்கழியில், தானாக வந்து தாயின் பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, கடையிலை கொஞ்சக் கார்ட் வெட்டி லமினேட் பண்ணித் தருவீங்களோ?"

ஒவ்வொரு தூரத்துக்கும் கார்ட். துவக்கின் மேலிருக்கும் தூரக்கண்ணாடியின் குமிழை எந்தத் தூரத்துக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், காற்று இடப்பக்கமிருந்து வந்தால் எவ்வளவு, வலப்பக்கமிருந்து வந்தால் எவ்வளவு என்று எண்களாக எழுதியிருக்கும். சுடுகிற நேரத்தில் கணக்குப் பார்க்க ஏலாதாம். கையில் கட்டின கார்டைப் பார்த்து, திருப்பி, சுட வேண்டியதுதானாம். முதல் பத்து இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம், இரண்டு தரம் தவறிவிட்டது, இந்தமுறை விடமாட்டேன் என்றாள் லக்சிகா. கடைசியில் மெல்ல, "நீங்களும் வாங்கோவன்," என்றாள்.

யோகராணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் பிள்ளை கேட்டுவிட்டாளே!

அடுத்த நாள் கடையில் கத்தரியோடு இருந்தாள். லக்சிகா இரண்டு கட்டாக இறப்பர் வளையம் போட்டுத் தந்திருந்தாள். ஒரு கட்டில் மூலைகளெல்லாம் மஞ்சளாக அச்சாகியிருந்தன. மற்றக் கட்டில் மூலைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

பொன்னம்பலத்தார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உது என்ன கார்ட், பிள்ளை?"

"மகளின்ர அந்தச் சாமானுக்கு, அண்ணை."

அவர் தன் வேலைக்குத் திரும்பினார். யோகராணியின் கண் அந்த வெள்ளை மூலைகளை விட்டு அகலவில்லை. பாதிக்கு மஞ்சள் வைத்தவள் மற்றப் பாதிக்கு வைக்க மறந்துபோனாளா? இல்லை, மெசினில் மஞ்சள் முடிந்துவிட்டதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்துதானே பழக்கம். அந்தச் சாமானுக்குப் பக்கத்தில் தன் பிள்ளை படுத்துக் கிடக்க, கையில் செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரி ஒன்று கட்டியிருக்கிறதை நினைத்தாள். சீச்சீ! கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, வெள்ளைக் கட்டின் ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள் வைத்தாள். வைக்கும்போது பிள்ளையாரையும் கூப்பிட்டாள். விசிறிக்கு முன்னால் காயவிட்டு, லமினேட் பண்ணினாள்.

அதோடு விட்டிருந்தாலாவது பாதிப் பிழையோடு போயிருக்கும். ஒழுங்கு என்றால் யோகராணிக்கு உயிர். இரண்டு கட்டையும் கலைத்து, முந்நூறை முந்நூறோடு, நானூறை நானூறோடு சேர்த்து அழகாக அடுக்கி, ஒரே வளையத்தில் கோத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு பிடித்த கதை இதுதான்.

போட்டியன்று குளிர் எலும்பைக் கடித்தது. லக்சிகா முதல்நாள் இரவு வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். கார்ட்களைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்க நேரமில்லை. அவளுடைய சிநேகிதி ஆனைஸ் காரோட்டிக்கொண்டு வந்தாள். மைதானத்தில் யோகராணி இரண்டு கம்பளிக்குள் புதைந்து நின்றாள். லக்சிகா படுத்தாள். வளையத்தைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். மணி அடித்துவிட்டது. முன்னால் இருந்த கார்டைப் பார்த்துக் குமிழைத் திருப்பிச் சுட்டாள்.

தகட்டுக்குக் கீழே மண் பறந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

"பா, பா," என்று ஆனைஸ் முணுமுணுத்தாள். தாழ, தாழ என்று சொல்கிறாள். முதல் சுற்றின் நேரம் முடிந்தபோது ஒரேயொரு தகடுதான் விழுந்திருந்தது.

லக்சிகா எழும்பி நேரே தாயிடம் வந்தாள். வழக்கம்போலப் பிரெஞ்சில் கத்தியிருந்தால் பாதி விளங்காமல் போயிருக்கும். அவளோ தமிழில் சொன்னாள்.

"மஞ்சள் வெக்கை நாளுக்கு. வெள்ளை குளிருக்கு. குளிரிலை குண்டு தாழப் போகும், அதுக்குத்தான் ரெண்டு கட்டு. நீங்கள் எல்லாத்தையும் மஞ்சளாக்கி ஒண்டாக் கலந்து வைச்சிருக்கிறீங்கள்."

"நீ எனக்குச் சொல்லேல்லையே, பிள்ளை."

"நீங்கள் கேக்கேல்லை. மூண்டு வருசமா ஒண்டுமே கேக்கேல்லை." அவள் வளையத்தைத் தாயின் முன்னால் நீட்டினாள். "வேணுமெண்டுதான் செய்தனீங்கள். நான் தோத்து, இதை விடோணும் எண்டு."

ஐயோ, பெற்றவளுக்கு இதைவிட வேறு என்ன அடி வேண்டும்? ஆனாலும் யோகராணியால் உடனே மறுக்க முடியவில்லை. இந்த ஆசை பிள்ளையை விட்டுப் போகவேண்டும் என்று மூன்று வருடமாகக் கும்பிட்டவள்தானே அவள். அது உண்மை. மஞ்சளைத் தொட்ட விரலில் மட்டும் அந்த எண்ணம் இருக்கவில்லை. அதுவும் உண்மைதான். இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

"வெள்ளை மூலையோடை உன்னைத் துவக்குக்குப் பக்கத்திலை படுக்கவிட எனக்கு மனம் வரேல்லை," என்றாள்.

லக்சிகா தாயை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வாயிலிருந்து துவக்கு என்ற சொல்லை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள்.

"வெள்ளை மூலை எண்டால் என்ன?"

"செத்தவீட்டுக் கார்ட்."

கலியாணக் கார்ட்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைதான். ஆனால் அந்தச் செத்தவீட்டுக் கட்டுகளை அவள் கண்ணில் படாமல் மேசைக்கடியில் தள்ளிவைத்தவள் யோகராணியல்லவா?

"நீங்களும் எனக்குச் சொல்லேல்லையே, அம்மா," என்றாள் லக்சிகா. கோபம் முழுதாகப் போகவில்லை. சத்தம் மட்டும் குறைந்திருந்தது.

யோகராணி மூக்கைத் துடைத்தாள். "அழுறதுக்கு வீட்டிலை நேரம் கிடக்கு. இப்ப குளிருக்கு எந்தக் கார்ட், எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"ஒரே தூரத்துக்கு ரெண்டு கார்ட் இருக்கெல்லே? பெரிய எண் இருக்கிறது குளிருக்கு."

"இஞ்சை கொண்டா."

காரின் இருக்கையில் இருந்து வளையத்தைத் திறந்தாள். லமினேட் பண்ணினதைத் துடைக்க ஏலாது. பேனை அதில் வழுக்கியது. கைப்பையைக் கிண்டினாள். திறப்பு, தலையிடிக் குளிசை, பொட்டு மட்டை. பொட்டு மட்டை! சிவப்பு ஒட்டுப்பொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, பெரிய எண் இருந்த கார்ட்களிலெல்லாம் ஒட்டினாள். எண்ணூறு மீற்றருக்கு வந்தபோது மட்டை முடிந்துபோனது. தன் நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டிவிட்டாள்.

"பொட்டு வைச்சதைப் பாத்துச் சுடு," என்றாள். லக்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு தகடுகள் 'டங்' என்று விழுந்தன. ஒவ்வொரு வெடிக்கும் யோகராணியின் உடம்பு தூக்கிப்போட்டது. காதைப் பொத்தினாள், ஆனால் கண்ணை மூடவில்லை.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். லக்சிகா பதினோராவது. முதல் சுற்றில் இன்னும் ஒரு தகடு விழுந்திருந்தால் போதும். திரும்பி வரும்வழியில் யோகராணி வெறும் நெற்றியோடு பின் இருக்கையில் இருந்து, தன் கைவிரலை மணந்து பார்த்தாள். மஞ்சள் மணம் போகவில்லை. தன் கையாலேயே பிள்ளையின் வருடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்துக் குமைந்தாள். லக்சிகாவும் இரண்டு கிழமை சாமானைப்பற்றி மூச்சு விடவில்லை. மனம் வெறுத்துவிட்டாளோ? மூன்று வருடமாகக் கேட்ட வரம் கைக்கு வந்தபோது அது யோகராணிக்கு இனிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை கடை நிறையச் சனம். லக்சிகா உள்ளே வந்து ஒரு உறையை மேசையில் வைத்தாள். புதுக் கார்ட்கள். வெக்கை நாளுக்குரியதில் மேலே ஒரு நீலக் கோடு. குளிருக்குரியதில் எண்ணுக்கு மேலே, நெற்றியில் இருப்பதுபோல, சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு அச்சாகியிருந்தது. மூலைகள் நாலும் வெறுமையாக இருந்தன.

"வாற வருசத்துக்கு," என்றாள் லக்சிகா. "மூலையிலை ஒண்டும் போடேல்லை, அம்மா. அது உங்களுக்கு."

யோகராணி கிண்ணத்தை அருகில் இழுத்தாள். கண்ணீர் மஞ்சளுக்குள் விழுந்துவிடாமல் முகத்தைத் தோளில் துடைத்தாள்.

பொன்னம்பலத்தார் எட்டிப் பார்த்தார். "ஆற்றை கலியாணம், பிள்ளை?"

"கலியாணம் இல்லை, அண்ணை. துவக்குக் கார்ட்," என்றாள் யோகராணி, கடை முழுக்கக் கேட்க. "என்ர மகளின்ர துவக்குக்கு. அந்த விசிறியை ஒருக்கா இஞ்சாலை திருப்பி விடுங்கோ."