வலக்கால்

காலை ஆறே முக்காலுக்குப் பலாலி விமான நிலையத்தில் காற்று இன்னும் எழும்பவில்லை.

ஜெறோம் செஸ்னா விமானத்தின் இறக்கை விளிம்பைத் தடவிப் பார்த்தான். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கலக்கவில்லை. அதற்குமேல் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஏறத்தான் வேண்டும்.

"மூண்டு ஸ்டோல்," என்றார் கதிரவேலு. பறக்கும் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் அவர். கையில் தேநீர்க் கோப்பை. "மூண்டும் சுத்தமா வரவேணும். வந்தால் நாளைக்கு நீர் தனியப் பறக்கலாம். வராட்டில், தம்பி, முகத்துக்கு நேரை சொல்லுறன், உமக்கு உது சரிவராது."

"வரும் சேர்."

"ரெண்டு பயிற்றுநர் உம்மோடை பறந்தவை. ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லுகினம். இறக்கை சாய்ஞ்ச உடனை பயத்திலை உம்மடை கால் விறைச்சுப் போகுதாம்."

"பயமில்லை சேர்."

"பயமில்லாதவன் ஏன் விழுறான்?"

ஜெறோம் இடப்பக்க ஆசனத்தில் ஏறினான்.

விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கைமேல் ஓடும் காற்று குலைந்துபோகும். தாங்க ஒன்றும் இராது. விமானம் விழும். ஸ்டோல் என்பது அதுதான். வேண்டுமென்றே விழவைத்து, விழுந்ததை எடுப்பது பாடம். மூக்கு நேரே விழுந்தால் அவன் எடுத்துவிடுவான். ஓர் இறக்கை முந்திச் சாய்ந்தால்தான் சனியன். காலடியில் இருக்கும் இரண்டு சுக்கான் மிதிகளில், சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க மிதியை மிதிக்க வேண்டும். பரீட்சையில் அவன் அதைப் பிழையில்லாமல் எழுதினான். மேலே போன இரண்டு தடவையும் கடலும் வானமும் சுழன்றன. பயிற்றுநரின் கைகள் வந்து பறித்துக்கொண்டன.

அவனுடைய ஊரான குருநகரில் அவனுக்கு இப்போது சொந்தப் பெயர் கிடையாது. கரையில் வலை தட்டுகிறவர்கள் தலையை நிமிர்த்தாமலே கேட்பார்கள்: "என்ன பைலட், பிளேனை எந்தக் கட்டையிலை கட்டிப்போட்டு வாறாய்?" சிறுவயதில் கடலுக்குப் போனவன். இருபத்தெட்டில் விட்டான். தோற்றுத் திரும்பினால் கடல் அவனை எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரும் விடாது.

நிஷானி வந்து வலப்பக்க ஆசனத்தில் ஏறினாள். உடுவில்காரி, புதிதாக வந்த பயிற்றுநர். அவனைவிட மூன்று வயது இளையவள். நிலத்தில் அவனை அண்ணை என்பாள். கதவைச் சாத்தியதும் ஜெறோம் என்பாள்.

"மேலை அண்ணை தம்பி கிடையாது," என்றாள், வார்ப்பட்டியை இறுக்கிக்கொண்டு. "மரியாதை பாத்துக்கொண்டு விழ ஏலாது. போவம்."

கடற்பக்கமாக எழும்பி, கிழக்கே திரும்பி, தொண்டைமானாற்று நீரேரிக்கு மேலே நாலாயிரம் அடிக்கு ஏறினார்கள். ஒரு பக்கம் உடுப்பிட்டியின் வெங்காயப் பாத்திகள். மற்றப் பக்கம் கடல். வேறு விமானம் எதுவும் இல்லை.

"முதலாவது. எஞ்சினைக் குறையுங்கோ."

குறைத்தான். மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினான். வேகம் வடிந்தது. எச்சரிக்கை ஹோர்ன் மெல்ல முனகி, பிறகு அலறியது. உடல் அதிர்ந்தது. மூக்கு விழுந்தது. கட்டுப்பாட்டுப் பிடியை முன்னே தள்ளினான், எஞ்சினைக் கூட்டினான். இறக்கை காற்றைப் பிடித்தது.

"சுத்தம்," என்றாள்.

இரண்டாவதும் அப்படியே வந்தது. அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இனி எஞ்சின் முழுக்க."

அவன் பயந்தது இதற்குத்தான். எஞ்சின் இழுக்கும் இழுவையில் விமானம் இடப்பக்கம் ஒதுங்கும். விழும்போதும் அந்தப் பக்கமே விழும். மூக்கு நிமிர்ந்தது. முன்கண்ணாடியில் நிலம் மறைந்து நீலம் மட்டும் நின்றது. ஹோர்ன் அலறியது. நடுக்கம் ஆசனத்துக்கு வந்தது.

இடப்பக்க இறக்கை பொத்தென்று சாய்ந்தது.

அவன் மிதித்தான். இருந்த பலம் முழுவதையும் போட்டு மிதித்தான். நீலம் கவிழ்ந்தது. கண்ணாடி முழுக்க நீரேரி. அது சுழன்றது.

"மிதியுங்கோ!"

"மிதிக்கிறன் மிஸ்!"

"மற்றது!"

இன்னும் ஊன்றி மிதித்தான். சுழற்சி கூடியது. வீதியொன்று கண்ணாடியில் வந்து போனது, திரும்ப வந்தது.

"என்ரை கொன்ட்ரோல்."

கையையும் காலையும் எடுத்தான். எஞ்சின் அடங்கியது. அவளுடைய வலக்கால் முன்னே போனது. வீதி இன்னொரு தடவை வந்தது, அரைவாசியில் நின்றது. ஏதோ அவனை ஆசனத்துக்குள் அமத்தியது. பிறகு தொடுவானம் வந்தது, இருக்கவேண்டிய இடத்தில்.

ஆயிரம் அடிக்கு மேல் இழந்திருந்தார்கள். 

"உங்களுக்குப் பயமில்லை," என்றாள் நிஷானி.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"பயந்தவன்ரை கால் விறைச்சு நிக்கும். முந்திப் பறந்த ரெண்டு பேரும் அவசரத்திலை பறிச்சுப்போட்டினம், கவனிக்கேல்லை. நான் கொஞ்சம் பொறுத்தனான். உங்கடை கால் விறைக்கேல்லை. இடக்காலாலை உழக்கினியள். என்ரை மிதியும் உங்கடை மிதியும் ஒண்டோடை ஒண்டு தொடுப்பு. என்ரை முழங்கால் இப்பவும் நோகுது. ஏன் இடது?"

"வலப்பக்கம் எடுக்கத்தான் மிஸ் மிதிச்சனான்."

"வலப்பக்கம் எடுக்க இடக்காலோ?"

"ஓம், வலப்பக்கம் எடுக்க..."

நிறுத்தினான். தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான்.

"எஞ்சின் பிடி," என்றான்.

"என்ன?"

"வள்ளத்திலை, மிஸ். ரெண்டு கையும் வலையிலை இருக்கும். பின்னாலை எஞ்சின்ரை பிடி காலிலை. காலாலை தள்ளித்தான் ஓட்டுறது. வள்ளம் வலப்பக்கம் போகவேணுமெண்டால் இடக்காலாலை பிடியை இடப்பக்கம் தள்ளவேணும்."

"எவ்வளவு காலம் ஓட்டினனீங்கள்?"

"பதினாறு வருஷம்."

நிஷானி வெளியே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேர் பறந்தும் உதைக் கேக்கேல்லையே?"

"எனக்கே இப்பதானே தெரியும். நீங்கள் வள்ளத்திலை போனதில்லையோ மிஸ்?"

"கசூரினாக் கடற்கரையிலை முழங்காலளவு தண்ணியிலை நிண்டிருக்கிறன்." பிறகு கேட்டாள்: "நிலத்திலை ஓடுபாதைக்குப் போகேக்கையும் இதே மிதிதானே, அப்ப மட்டும் கால் ஒழுங்கா வேலை செய்யுது?"

"அங்கை யோசிக்க நேரமிருக்கு."

அவள் குனிந்து பெற்றோல் மானியைப் பார்த்தாள்.

"ஒருக்கா விடுங்கோ மிஸ். ஒரேயொருக்கா."

"சேர் கேட்டது மூண்டு."

"தெரியும்."

"என்ன நடக்குதெண்டு தெரியாமல் விழுந்ததை நான் கணக்கெடுக்கேல்லை. தெரிஞ்சுகொண்டு விழுங்கோ, பாப்பம். ஏறுங்கோ."

ஏறினான். ஏறும்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டான்: இடது சாய்ந்தால் வலது. இடது சாய்ந்தால் வலது. கொந்தான்மாதா சிலை முன்னால் அம்மா செபமாலை உருட்டுவதுபோல உருட்டினான். வலப்பாதத்தை மிதியில் வைத்து அமத்திப் பார்த்தான். அது இருந்தது. இடக்கால் அதைவிட விழிப்பாக இருந்தது.

"தயாரோ?"

"ஓம்."

"நான் கை வைக்க மாட்டன். மூவாயிரத்துக்குக் கீழை போனால் மட்டும் வைப்பன்."

எஞ்சின் முழுக்க. மூக்கு நிமிர்ந்தது. நீலம். வேகமானியின் முள் இறங்கியது. ஹோர்ன் முனகத் தொடங்கி ஓங்கியது. ஆசனம் நடுங்கியது. இன்னும் இழுத்தான்.

இறக்கை சாய்ந்தது.

இடக்கால் அசைந்தது. அசைந்ததை அவன் உணர்ந்தான். வலது என்றது மனது. அந்தச் சொல் காலுக்கு இறங்கிவரும் வரைக்கும் இறக்கை சாய்ந்துகொண்டே இருந்தது, நீரேரி கண்ணாடியின் ஓரத்தால் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகுதான் வலக்கால் போனது. போய் அடிவரைக்கும் ஊன்றியது. ஒதுங்கல் நின்றது. பிடியைத் தள்ளினான். காற்று திரும்பிவந்த சத்தம் கேட்டது. இறக்கைகளை மட்டப்படுத்தி, மூக்கை எடுத்து, ஏறத் தொடங்கினான்.

நிஷானியின் கைகள் மடியில் கிடந்தன. விரல்கள் ஒன்றையொன்று இறுக்கியிருந்தன.

"பலாலிக்கு விடுங்கோ," என்றாள்.

 அவன் இறக்கினான். சில்லுகள் மெத்தென்று தொட்டன. அவன் இறக்கியதில் அதுதான் நல்ல இறக்கம். கொட்டகையடியில் கதிரவேலு நின்றார். பெருவிரலை உயர்த்தி, பின் தாழ்த்திக் காட்டினார். எது என்று கேட்கிறார்.

ஜெறோம் எஞ்சினை நிறுத்தினான். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. நிஷானி கதவைத் திறக்கவில்லை.

"வடிவா எடுத்தனான்தானே மிஸ்?"

"எடுத்தனீங்கள்."

"அப்ப நாளைக்கு?"

கதிரவேலு நடக்கத் தொடங்கினார். நிஷானி அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு நான் பக்கத்திலை இருக்க மாட்டன். இறங்கத் திரும்பேக்கை, ஐந்நூறு அடியிலை, இறக்கை சாய்ஞ்சால் யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. மேலை கடைசித் தடவையும் நாங்கள் இழந்தது ஐந்நூறு அடிக்குக் கூட. நான் சேரிட்டை ஓம் எண்டு சொன்னால் அவர் விட்டுடுவார். திருப்பிக் கேக்க மாட்டார்."

"விளங்குது மிஸ்."

கதிரவேலு இறக்கையடிக்கு வந்துவிட்டார். நிஷானி அவன் பக்கம் திரும்பினாள்.

"கால் தானாப் போனதோ, நினைச்சு மிதிச்சியளோ?"