ஹெல்காவுக்கு ஒரு சூஸ்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வமலரின் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. படியில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைத்தான் கழற்றினாள், போன் அடித்தது. ஜெர்மனி நம்பர்.

பேசியது பெற்றா. டோர்ட்முண்டில் பதினெட்டு வருடம் இவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஃப்ரௌ கெஸ்லரின், அதாவது திருமதி கெஸ்லரின், மகள். "அம்மாவுக்கு இனி நாளில்லை. பேசச் சக்தியில்லை, காது கேட்கும். போனைக் காதில் வைக்கிறேன், ஏதாவது சொல்லுங்கள்," என்றாள் ஜெர்மனில்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, செல்வமலர் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டாள். சொல்வதற்கா இல்லை? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தது யார், விசாக் கடிதங்களை வாசித்து இவளுக்காக அலுவலகம் அலுவலகமாய்ச் சண்டை பிடித்தது யார்? ஆனால் அவளைத் தடுத்தது வேறொன்று.

ஃப்ரௌ கெஸ்லர் தன் அறுபதாவது பிறந்தநாளன்று இரண்டு கிளாஸில் வைன் ஊற்றி, ஒன்றை இவள் பக்கம் தள்ளி, "இனி நான் உனக்கு ஹெல்கா. நீ என்றே கூப்பிடு," என்றாள். வயதில் மூத்தவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். மறுப்பது, நீட்டிய கையைத் தட்டிவிடுவது போல. எங்கள் யாழ்ப்பாணத்து மரியாதைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? "ஐயோ, உங்களுக்கு என் அம்மாவின் வயது," என்று இவள் பெரிய பணிவோடு மறுத்துவிட்டாள். மனுசியின் முகம் சுருங்கிப்போயிற்று. அதன் பிறகும் உதவிக்குக் குறைவில்லை, அந்தப் பேச்சை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. செய்தது என்னவென்று லண்டன் வந்தபின் மகள் கோசிகா சொல்லித்தான் இவளுக்கு விளங்கியது. வெட்கத்தில் போன் எடுப்பதையும் குறைத்துக்கொண்டாள். நல்ல கெட்டிக்காரி.

"என்ன, விறைச்சுப்போய் இருக்கிறீர்?" என்றார் கணவர் இராசரத்தினம்.

"அந்த மனுசியை நீ எண்டு சொல்ல வாய் வருகுதில்லையப்பா."

"இண்டைக்குச் சொல்லாட்டி இனி எப்ப சொல்லப்போறீர்?"

போனைக் காதில் வைத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. "ஃப்ரௌ..." என்று தொடங்கி விழுங்கினாள். பிறகு, கூட்டாளிகள் தங்களுக்குள் பேசுகிற ஜெர்மனில் சொன்னாள்.

"டங்கெ டியா, ஹெல்கா. சூஸ்."

உனக்கு நன்றி, போய் வா. பதினெட்டு வருடத்துக்கு அவ்வளவுதான்.

பிறகு ஹெல்காவின் கரகரத்த குரலில் ஒரே ஒரு சொல் வந்தது.

"என்ட்லிஷ்."

ஒருவழியாக, இப்போதாவது, என்று அர்த்தம்.

"என்னவாம்?" என்று கேட்டார் இராசரத்தினம். செல்வமலர் ஒற்றைச் சப்பாத்தோடு இருந்து அழுதாள்.

"இவ்வளவு காலமும் இதைத்தான் எதிர்பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா," என்றாள்.