நோஞ்சான் வரிசை

அக்கா கோதுமைக்கு உயிர் கொடுப்பாள். நான் அதற்கு நோய் கொடுப்பேன். ஒரே ஆராய்ச்சிப் பண்ணையில் எங்கள் இருவருக்கும் இப்படி வேலை வாய்த்தது. புது ரகம் உருவாக்குவது அவள் பிரிவு. அதன்மேல் துருப் பூஞ்சையை ஏவிவிட்டு, இலையில் நூற்றுக்கு எத்தனை பங்கு பழுப்பாகிறது என்று மதிப்பெண் போடுவது என் பிரிவு. இந்த ஒரு பரீட்சையில் மட்டும் மதிப்பெண் கூடினால் தோல்வி.

"கூடப் பிறந்தவ பயிருக்கே சீக்கு வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்று அம்மா கேட்பாள். "வைக்காம விட்டாத்தாம்மா துரோகம்" என்பேன்.

சோதனை வயலில் பத்து வரிசைக்கு ஒரு வரிசை நோஞ்சானை விதைப்போம். அது ஒரு பழைய ரகம், பெயர் நாங்கள் வைத்தது. துருவைக் கண்ட மாத்திரத்தில் படுத்துவிடும். அதற்காகத்தான் அதை விதைப்பதே. அது முதலில் நோயில் விழுந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் பரப்ப வேண்டும். நோஞ்சான் பழுப்பாகிக் கிடக்கும்போது பக்கத்து வரிசை பச்சையாக நின்றால்தான் அது கெட்டிக்காரப் பயிர்.

அந்த வருஷம் அக்காவின் ரகம் பச்சைப்பசேலென்று நின்றது. ஒன்பது வருஷ உழைப்பு. இயக்குநர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "பூஜ்யம்! பூஜ்யம் போடுங்க!" என்று குதித்தார். புது ரகங்களை அனுமதிக்கும் குழு வியாழக்கிழமை கூடுகிறது. என் கையெழுத்துதான் பாக்கி.

ஆனால் பக்கத்தில் நோஞ்சானும் பச்சையாகவே நின்றது. நோஞ்சானின் இலையை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். துரு இருந்தால் பழுப்புப் பொடி அப்பிக்கொள்ளும். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

தண்ணீர் பாய்ச்சுகிறவர் வாய்க்கால் ஓரமாக நழுவப் பார்த்தார். பழத்தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"அண்ணே, இதுக்கு என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலேம்மா. ரெண்டு தடவை மருந்து அடிச்சேன், அவ்வளவுதான். மத்ததையெல்லாம் பாத்துப் பாத்து வளக்கறீங்க. இது மட்டும் வருஷா வருஷம் சாகுது. மனசு கேக்கலே."

நோஞ்சானுக்காக இரக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் அவருடைய இரக்கத்தில் வயல் முழுக்க நோயே இல்லாமல் போயிருந்தது. மதிப்பெண் தாளின் குறுக்கே 'சோதனை செல்லாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

இயக்குநர் அறையில் அக்காவும் இருந்தாள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. நீங்க போடலேன்னா வேற ஆளை வச்சுப் போட்டுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் இயக்குநர்.

"போட்டுக்குங்க சார். ஆனா நான் பேனாவிலே எழுதிட்டேன். ரப்பர் வச்சு அழிக்க முடியாது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தத் தடவை விட்டா இன்னும் ஒரு வருஷம். எம்மேலே உனக்கு அப்படி என்னடி கோபம்?"

"உன் பயிர் ஜெயிக்கலேக்கா. எதிராளியே வரலே. வராத ஆளை ஜெயிச்சேன்னு கோப்பை வாங்கப் போறியா? நாளைக்கு இதை விதைச்சவங்க வயல்லே துரு வந்தா அங்கேயும் போய் மருந்து அடிப்பாரா நம்ம அண்ணன்?"

அக்கா கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள். குழு கூடியது, கலைந்தது. அக்காவின் ரகம் அதில் பேசப்படவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைக்கூட அம்மாவிடம்தான் கேட்டாள்.

ஒன்பதாம் நாள், நான் பூஞ்சை வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தட்டு, அதில் முளைத்த நாற்றுத் தொட்டிகள். பாதி அவளுடைய ரகம், பாதி நோஞ்சான்.

"ஏவு. கஞ்சத்தனம் பண்ணாம ஏவு. என் பயிர் உன் பூஞ்சையைப் பாத்துக்கும்."

ஏவினேன். இருந்த பூஞ்சையில் பாதியை அந்தத் தட்டிலேயே தெளித்திருப்பேன். கதவைப் பூட்டிச் சாவியை என் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

ஏவிய பதினான்காம் நாள் இருவரும் சேர்ந்தே திறந்தோம். நோஞ்சான் தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தது. தொட்டால் பொடி பறந்தது. அக்காவின் நாற்றுகளிலும் பழுப்பு ஏறியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். அறுபது.

நாற்பதுக்குள் இருந்தால் அடுத்த வருஷம் அந்த ரகத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. தாண்டினால் அதோடு சரி. ஒன்பது வருஷமும் போச்சு. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பென்சிலை எடுத்தேன். கட்டத்துக்குள் என் கை நாற்பதின் முதல் எண்ணாக நாலு என்று எழுதியது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் நாற்றின் இலையைக் கட்டைவிரலால் அழுத்தி உருவினாள். பழுப்பேறிய அந்த விரலை நான் எழுதிய நாலின் மேல் வைத்துத் தேய்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"என்னடி, நீயும் மருந்து அடிக்கிறியா?"

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"பேனாவை எடு" என்றாள்.