யூனிஸ் டீச்சரின் இடது காது

2004 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், பெருங்களத்தூர் யூனிஸ் டீச்சரின் இடது காதிலிருந்து சாம்பல் நிறத் தூள் கொட்டத் தொடங்கியது. காலையில் எழுந்தால் தலையணையில் ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும். வலி இல்லை, வாடை இல்லை. டீச்சர் அதைக் கையால் தட்டிவிட்டு, சமைத்து வைத்துவிட்டு, தாம்பரத்துக்குப் பஸ் ஏறினார். ஏழாம் வகுப்பு பி பிரிவின் அறுபத்திரண்டு பெயர்களையும் பதிவேட்டைத் திறக்காமலே கூப்பிடுவது அவர் வழக்கம். தூள் விழத் தொடங்கியபின் இனிஷியலோடு கூப்பிட்டார்.

தட்டிவிட்டதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவர் கணவர் எலியேசர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மேலே ஒருவர் கையெழுத்துப் போடாத எதையும் அவர் நம்பியதில்லை. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பத் துறைத் தலைவராக இருந்த வேதாசலத்தை அழைத்துவந்தார். வேதாசலம் தூளை விரலில் தேய்த்தார், நிறத்தைப் பார்த்தார், மூளைதான் என்றார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மூளையின் எடையை ஒரு தேக்கரண்டியால் வகுத்து, அடுத்த மே மாதத்துக்குள் தலை காலியாகிவிடும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் துறையில் பதினான்கு மைக்ரோஸ்கோப்புகள் இருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் குழு வரும் நாளில் அவற்றின் உறையைக் கழற்றுவார்கள்.

அவற்றில் ஒன்றின் உறையைக் கழற்றித் தூளை ஏற்கெனவே பார்த்திருந்தவள் டீச்சரின் மகள் ஜெரூஷா. அதே துறையில் இரண்டாம் வருடம் படித்தாள். அது உடைந்த புரதம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது: நரம்பு செல்லுக்கு மாற்று ஆள் கிடையாது. வாழ்நாள் முழுக்க அதே செல்தான் வேலை செய்தாக வேண்டும். அதனால் கெட்டுப்போன புரதங்களை அடையாளமிட்டு, நறுக்கி, அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கிறது. அப்புறப்படுத்தாவிட்டால் ஒரு செல் அடுத்த செல்லோடு பேசும் முனையில் அது குவிந்து, பேச்சு நின்றுபோகும். டீச்சரின் மூளை இந்த வேலையைக் கொஞ்சம் தாராளமாகச் செய்தது, அவ்வளவுதான்.

"சார், அது மூளை இல்ல சார். வேஸ்ட் ப்ரோட்டீன்..."

"நீ எந்த இயர்மா?"

"செகண்ட் இயர் சார்."

"அப்ப கேட்டுக்கோ."

கேட்டுக்கொண்டாள். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது.

எலியேசர் மனைவியின் காதில் பஞ்சை அடைத்து, கிறிஸ்துமஸ் மெழுகுவத்தியை உருக்கி மேலே பூசினார். அதுவரை விழுந்த தூளில் மிஞ்சியதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைத்தார். என்றாவது திரும்ப உள்ளே வைக்கலாமாம். சர்ச்சிலிருந்து வந்தவர்களுக்கு அதைக் காட்டினார். தள்ளுவண்டியில் குப்பை எடுக்கவரும் அங்காளம்மாவும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"இன்னா சார், குப்பைய பாட்டில்ல போட்டு அயகு பாத்துகினு கீற? என் வண்டி வந்தா மட்டும் மூக்க பொத்திக்கிற."

தலையணை சுத்தமாக இருந்தது. ஜூலையில் டீச்சர் ஏழு பி-யில் பதினெட்டுப் பெயர்களை இழந்தார். ஆகஸ்டில் பதிவேட்டைப் பார்த்தும் படிக்க முடியவில்லை. செப்டம்பரில் எதிர்த்திசை பஸ் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கி நின்றார். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதி வாங்கிக்கொண்டார்கள். எலியேசர் தலையணையைக் காட்டிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம் வேதாசலம் சாப்பிட வந்தார்.

"பாத்தீங்களா, லீக் நின்னுடுச்சு," என்று மீன் முள்ளை எடுத்தார்.

ஜெரூஷா அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். டீச்சர் தட்டை வாங்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்:

"ரொம்ப நன்றிங்க. நீங்க யாரும்மா?"

ஜெரூஷா தலையிலிருந்து ஹேர்பின்னைக் கழற்றினாள்.

"ஏய், மூளை கொட்டிடும்டி!"

"கொட்டட்டும்பா."

"இன்டர்னல்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்," என்றார் வேதாசலம்.

மெழுகு வில்லையாக வந்தது, பஞ்சு பின்னாலேயே வந்தது. பிறகு நான்கு மாதத்துத் தூள் மடியை நிரப்பி, தட்டை நிரப்பி, வேதாசலத்தின் ரசத்திலும் விழுந்தது. பதினோரு நாள் கொட்டியது. அங்காளம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலையும் சேர்த்து இரண்டு கூடை எடுத்துப்போனார். பெயர்கள் பதிவேட்டு வரிசையில் திரும்பின. ஆறாம் நாள் காலை, சமையலறையிலிருந்து, "ஜெரூஷா, பால் பொங்குது பாரு," என்று குரல் வந்தது. பால் முழுவதும் பொங்கி வழியும்வரை ஜெரூஷா அங்கேயே நின்றாள். கணவர் பெயர் கடைசி நாள் வந்தது.

அந்தப் பருவத்தில் ஜெரூஷாவுக்கு இன்டர்னலில் இருபதுக்கு மூன்று. பஞ்சு வைத்தியத்தால் குணமானதாக வேதாசலம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்துச் சால்வை பெற்றார். டீச்சர் இன்றும் காலையில் ஒரு தேக்கரண்டித் தூளைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறார். எலியேசரின் தலையணையில் இதுவரை ஒரு துளி விழுந்ததில்லை. அதை அவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார், ஒரே ஆளிடம் ஒரே மாலையில் மூன்று முறை.